பாட்டு ஓடும்போது பேசக் கூடாது

குடியாத்தம்
12.1.1997

அன்புள்ள எத்திராஜுக்கு,

நானும் சரளாவும் சௌக்கியம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவள் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்கிற வலி. நீயும் மரகதமும் எப்படி இருக்கிறீர்கள்? ஆனேக்கலில் தீபிகா முழுகாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தாத்தா ஆகப்போகிற ஆள் இனிமேலாவது ஒழுங்காகக் கடிதம் போடு.

பொங்கலுக்குக் கேசட் அனுப்புகிறேன். ரேடியோவில் பிடித்த புல்லாங்குழல், மோகனம். லிங்கராஜபுரத்தில் உன் வீட்டு முன்னறையில் நாம் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியது. மைக்கேல்ராஜ் மகனோடு தங்கவயலுக்குப் போய்விட்டான், நான் இங்கே வந்து கிடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபாவில் மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான்.

சபாவின் சட்டம் மறந்திருக்காது, இருந்தாலும் வயதான ஆளுக்கு ஞாபகப்படுத்துகிறேன். பாட்டு ஓடும்போது பேசக் கூடாது. முடிந்த பிறகும் காபி தம்ளர் காலியாகும்வரை வாய் திறக்கக் கூடாது. அப்புறம் ஆளுக்கு ஒரு இடம் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் மனசு பிடிபட்டது என்று. ஒன்றும் பிடிபடவில்லை என்றாலும் குற்றமில்லை. பொய் இடம் சொன்னால்தான் அபராதம். தூங்கிவிட்டு இடம் சொன்ன மைக்கேல்ராஜை எல்லோருக்கும் போண்டா வாங்கித்தர வைத்தோமே, அது போல.

மோகனத்தில் உன் இடத்தை எழுது. அடுத்த வாரம் மௌரீன் வீட்டு நம்பருக்கு போன் செய்கிறேன். பக்கத்து வீடுதானே, ஓடி வா.

உன்,
பெருமாள்சாமி


லிங்கராஜபுரம், பெங்களூர்
9.2.1997

அன்புள்ள பெருமாள்சாமி,

இங்கே எல்லோரும் நலம். குளிர் இன்னும் போகவில்லை, காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் பால் வாங்கப் போக முடியவில்லை. சரளாவின் காலுக்கு மரகதம் ஏதோ எண்ணெய் சொல்கிறாள், தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

கேசட் வந்தது. மோகனம் மிகவும் இனிமை. நடுவில் வேகம் எடுத்த இடம் நன்றாக இருந்தது. மரகதத்துக்கும் அதே இடம்தான்.

நீ போன் செய்த அன்று நான் கடைக்குப் போயிருந்தேன். இனி அந்த வீட்டுக்கு போன் செய்யாதே. மௌரீனுக்கு வேலை இருக்கும், நம்மைக் கூப்பிட ஓடி வருவது பாவம். கடிதமே போதும்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பழைய புத்தகக் கடையில் ஏதாவது நல்ல தமிழ்ப் புத்தகம் கிடைத்தால் அனுப்பேன். இங்கே இருந்த வாடகை நூலகத்தை மூடிவிட்டுக் கம்ப்யூட்டர் கிளாஸ் வைத்துவிட்டார்கள். வேலையை விட்ட பிறகு பகல் நீளமாக இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து படிக்கிறேன். மௌரீன் மாடியில் துணி உலர்த்துகிறாள். வாய் அசைகிறது, பாடுகிறாள் போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எத்திராஜ்


குடியாத்தம்
16.3.1997

அன்புள்ள எத்திராஜுக்கு,

மரகதம் சொன்ன எண்ணெய் வேலை செய்கிறது. சரளா இப்போது என்னைத் துரத்திப் பிடிக்கிற வேகத்தில் நடக்கிறாள். அங்கே சுகம்தானே?

‘வேகம் எடுத்த இடம் நன்றாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறாய். இது ஒரு இடமா? கல்யாண வீட்டில் சாம்பார் நன்றாக இருந்தது என்பது போல இருக்கிறது. ஒரே ஒரு கமகத்துக்காக அரை மணி நேரம் சண்டை போட்ட எத்திராஜ் எங்கே போனான்? மரகதத்தின் இடத்தைத் திருடி எழுதிவிட்டாயோ என்று சந்தேகப்படுகிறேன்.

நீ வேண்டாம் என்றும் இன்று காலை மறுபடி போன் செய்தேன். மரகதம்தான் வந்தாள், நீ கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், சபா நேரத்தில், உனக்கு என்ன கடை?

புத்தகம் பார்க்கிறேன். ஆனால் புத்தகம் ஒருத்தன் தனியாக மூலையில் தின்கிற பண்டம். பாட்டு என்றால் ஒரு தட்டில் நாலு பேர் கை வைக்கலாம். நமக்கு அதுதான் சரி.

பெருமாள்சாமி


லிங்கராஜபுரம்
20.4.1997

அன்புள்ள பெருமாள்சாமி,

நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். மாம்பழம் வந்துவிட்டது. முதல் பழத்தை நறுக்கும்போது மூன்றாகப் பிரித்தேன், பழக்க தோஷம்.

உன்னிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. இருந்தாலும் ஒரு யோசனை. இத்துடன் ஒரு புத்தகம் அனுப்புகிறேன். கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவர் தன் பயணங்களைப் பற்றி எழுதியது. சிவாஜிநகர் நடைபாதையில் கிடைத்தது, அட்டை இல்லாததால் பெயர்கூடத் தெரியவில்லை. நான் படித்துவிட்டேன். நீயும் படி. அதில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது. உன் இடத்தை எழுது, அப்புறம் என்னுடையதைச் சொல்கிறேன். புத்தகத்தையும் நாலு பேர் சேர்ந்து தின்னலாம் பெருமாள்சாமி. முயற்சி செய்து பாரேன்.

சபா எந்த விதத்திலாவது நடக்க வேண்டும். அது நின்றுபோகக் கூடாது, எனக்கு அது ஒன்றுதான்.

தீபிகாவின் பிரசவத்துக்காக மரகதம் அடுத்த மாதம் ஆனேக்கல் போகிறாள். இரண்டு மாதம் நான்தான் சமையல். என் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்.

எத்திராஜ்


குடியாத்தம்
25.5.1997

அன்புள்ள எத்திராஜுக்கு,

நலம். உன் சமையலைச் சாப்பிட்டுவிட்டும் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே கெங்கையம்மன் திருவிழா முடிந்தது. வந்த நாதஸ்வரக்காரர் வாசித்த தோடியைக் கேட்டு நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது, டேப் ரெக்கார்டரைக் குழந்தை மாதிரித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பதிவு செய்தேன். அலசூர் தேரில் நாம் கேட்ட தோடிக்குப் பிறகு இப்படி ஒன்று கேட்கவில்லை. இரண்டு கேசட் வாங்கி, என் வழக்கப்படி முதலிலேயே இரண்டிலும் பெயர் எழுதி வைத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. இந்தப் பார்சலில் இருப்பது உன்னுடையது.

மரகதம் இல்லாத வீடு, நல்ல அமைதி. தனியாக உட்கார்ந்து கேள். இந்தத் தடவை மரகதத்தின் இடம் வேண்டாம், உன் இடம் வேண்டும். இதற்கு மட்டும் சாம்பார் நன்றாக இருந்தது என்று எழுதினாயோ, பஸ் ஏறி வந்து உதைப்பேன்.

உன் கப்பல் சமையல்காரரைத் திறந்தேன். மூன்றாவது பக்கத்தில் தூங்கிவிட்டேன். இப்போது ரேடியோவுக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கோபிக்காதே.

பெருமாள்சாமி


லிங்கராஜபுரம்
15.6.1997

அன்புள்ள பெருமாள்சாமி,

நலம். தீபிகாவுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். மரகதம் இன்னும் ஆனேக்கலில்தான்.

தோடி வந்தது. நீ சொன்னபடி தனியாக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. காபியும் குடித்து முடித்தேன்.

என் இடம் இதுதான். நாதஸ்வரக்காரர் மேலே போய் நிற்கிறார். மூச்சு இதோ முடிந்துவிடும் என்று நாம் பதறும்போது, அவர் அவசரப்படாமல் ஒரு படி இறங்கி அங்கே உட்காருகிறார். தவில்காரர் தூக்கிய கையை அடிக்காமல் காத்திருக்கிறார். அந்தக் காத்திருக்கும் இடம். அதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும்?

சமையல்காரரை ரேடியோவுக்கு அடியிலிருந்து எடுத்து இன்னும் ஒரு தடவை பார். மூன்றாவது பக்கத்துக்கு அப்புறம் கப்பல் கிளம்பிவிடும்.

எத்திராஜ்


குடியாத்தம்
29.6.1997

எத்திராஜ்,

குழந்தை பிறந்ததற்கு வாழ்த்துகள். தீபிகாவிடம் சொல்.

உன் கடிதத்தைச் சரளாவுக்குப் படித்துக் காட்டினேன், பெருமையாக. அதே சூட்டில் அந்த இடத்தை மறுபடி கேட்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். தோடி பதிந்த கேசட் அங்கே இருந்தது. அதிலிருந்து உனக்குப் படியெடுக்க உட்கார்ந்த அன்று கரண்ட் போனதும், அப்புறம் செய்யலாம் என்று விட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெயர் எழுதியிருந்ததால் பதிந்தாகிவிட்டது என்று நினைத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். அது வெறும் கேசட். இரண்டு பக்கமும் வெறும் கேசட்.

அதற்கா அந்த இடம்? தவில்காரர் கையைத் தூக்கிக் காத்திருந்தாரா?

நீ கேசட்டை மெஷினில் போடவே இல்லை. என் மனசைச் சமாதானம் செய்ய உட்கார்ந்து ஜோடித்திருக்கிறாய். கேட்க நேரமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் சிரித்திருப்பேன். மோகனத்திலேயே சந்தேகப்பட்டேன். போனுக்கு வராததும் இப்போது புரிகிறது. தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலாட்டாவுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினவன் நான். அந்தக் கசப்பு உனக்கு இருந்தால் நேராகத் திட்டு, தாங்கிக்கொள்வேன். சபாவில் பொய் இடம் சொல்லாதே.

இனி கேசட் அனுப்பி உனக்குத் தொந்தரவு தர மாட்டேன். நல்லபடியாக இரு.

பெருமாள்சாமி


லிங்கராஜபுரம்
12.10.1997

பெருமாள்சாமி அண்ணனுக்கு மரகதம் எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் இருக்கிறோம். அண்ணியின் கால் எப்படி இருக்கிறது? நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தப்பு இருந்தால் மன்னிக்கவும், எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று.

உங்கள் கடிதத்தை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். துவைக்கும்போது பார்த்தேன். அண்ணா, அவருக்குக் காது கேட்காது. நீங்கள் ஊரை விட்டுப் போன மறுவருஷம் ஆரம்பித்தது. இப்போது சுத்தமாக இல்லை. அடுகோடி பட்டறையில் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றே காலம் போயிற்று, அதனால்தான் என்று டாக்டர் சொன்னார். காதுக்கு மெஷின் மாட்டிப் பார்த்தோம், இரைச்சல்தான் வந்தது, கழற்றிவிட்டார். உங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நீங்கள் அனுப்பும் கேசட்டை நான்தான் கேட்டு எனக்குப் பிடித்ததைச் சொல்வேன். எனக்கு என்ன தெரியும்? அவர் டேப் ரெக்கார்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாளம் அதிர்வது கைக்குத் தெரியும் என்பார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் அண்ணா.

ஆனேக்கலிலிருந்து நான் திரும்பி வந்தபோது டேப் ரெக்கார்டர் வீட்டில் இல்லை. மௌரீனுடைய சர்ச் பாடகர்களுக்குக் கொடுத்துவிட்டார். கேட்டதற்கு, “கையும் போச்சு மரகதம். தோடி போட்டேன், ஒண்ணுமே தெரியல. இனிமே அது எதுக்கு நமக்கு?” என்றார். அப்புறம்தான் உங்கள் கடிதம் வந்திருக்கிறது.

அவரைக் கோபிக்காதீர்கள்.

மரகதம்


குடியாத்தம்
20.10.1997

எத்திராஜ்,

மரகதம் எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே.

மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன், எதுவும் சரியாக வரவில்லை. பட்டறை ஸ்டோரில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். டீ நேரத்தில் நீங்கள் எல்லோரும் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசுவதைத் தினமும் பார்த்தேன், சிரித்தேன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? புத்தகம் அனுப்பு, புத்தகம் படி என்று எத்தனை தடவை எழுதினாய். நான் கேசட்டாக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. பதில் போடு, ஒரு வரியாவது.

பெருமாள்சாமி


லிங்கராஜபுரம்
2.11.1997

அன்புள்ள பெருமாள்சாமி,

நலம். தீபாவளிக்குத் தீபிகா குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை அழும்போது முகம் முழுவதும் வாயாகிவிடுகிறது. வீட்டில் அந்த அழுகை தொந்தரவு செய்யாத ஒரே ஆள் நான்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொன்னால் கேசட் நின்றுவிடும். கேசட் நின்றால் கடிதமும் குறையும். நமக்குள் பேச வேறு என்ன இருந்தது, பாட்டுதானே? அது இல்லாத எத்திராஜுக்கு நீ எதற்கு எழுதுவாய் என்று பயந்தேன். அதனால்தான் உன்னைப் புத்தகத்தின் பக்கம் இழுக்கப் பார்த்தேன். நீ பிடிவாதக்காரன்.

உன் கோபக் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘அது வெறும் கேசட்’ என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்துவிட்டு நான் சிரித்தேன், பெருமாள்சாமி. என் கை சாகவில்லை! தோடி போட்ட அன்று கையில் ஒன்றும் தெரியாமல் போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். வேறு கேசட் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் என்ன செய்வது? அப்படியே பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். நீ அவ்வளவு திட்டி எழுதிய கடிதம்தான் எனக்கு நல்ல செய்தி கொண்டுவந்தது. ஆனால் அதை உனக்குச் சொல்ல வேண்டுமானால் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்ச்சில் போய்ப் பெட்டியைத் திருப்பிக் கேட்கவும் வெட்கம். இரண்டும் செய்யாமல் இருந்துவிட்டேன்.

இன்னொன்று. நான் எழுதியது பொய் இடம் இல்லை. அன்று கையில் எதுவும் தெரியாதபோது, எனக்குத் தெரிந்த தோடியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலசூர் தேரில் கேட்டது. தவில்காரர் கையைத் தூக்கிக் காத்திருந்த அந்த இடம் என்னுடையது அல்ல. அன்று நீ சொன்னது. கையில் கடலைப் பொட்டலத்தோடு, கண் கலங்கி, “அதைவிட ஒருத்தனுக்கு இன்னாடா வேணும்?” என்றாய். உன் இடத்தைத்தான் உனக்கே எழுதினேன். உனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

உன் மேல் கசப்பு இல்லை. நீ போனபோது வருத்தம் இருந்தது, அது இப்போதும் இருக்கிறது.

கன்னடக் கார்த்திகைக் கடைசித் திங்கள்கிழமை, இந்த மாதமே, பசவனகுடியில் கடலேக்காய் பரிஷே, அதுதான் வேர்க்கடலைத் திருவிழா. வருகிறாயா?

எத்திராஜ்


குடியாத்தம்
7.12.1997

அன்புள்ள எத்திராஜுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஒரு மூட்டை வேர்க்கடலை எதற்கு என்று சரளா திட்டினாள், இப்போது அவள்தான் உரித்துத் தின்றுகொண்டிருக்கிறாள். உனக்கு இருமல் குறைந்ததா? மரகதத்துக்கு என் வணக்கம்.

நான் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரை உன் வீட்டில் விட்டுவிட்டு வந்தது சரளாவுக்கும் சம்மதமே. இங்கே இப்போது நான் படிக்கிறேன். பஸ்ஸில் வரும்போதே கப்பல் சமையல்காரரை முடித்துவிட்டேன். என் இடம்: புயலில் எல்லோரும் வாந்தியெடுத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள், யாரும் சாப்பிட வரமாட்டார்கள் என்று தெரிந்தும் அவர் எல்லோருக்கும் தட்டு வைக்கிறாரே, அங்கே. அந்தப் பக்கத்துக்கு மேல் கொஞ்ச நேரம் என்னால் போக முடியவில்லை. உன்னுடையதும் அதுதானா? ஏப்ரலில் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

அன்று உன் முன்னறையில் நாம் தோடி போட்டபோது நீ சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். காபி முடிந்ததும், “நாதஸ்வரம் தெரியலப்பா, தவில் மட்டும்தான் வருது. தவில் நிக்கிற எடந்தான் எனக்கு எடம். அங்க நாதஸ்வரக்காரர் தனியா வாசிக்கிறாருன்னு தெரியும், மீதிய நானே வாசிச்சுக்கினேன்” என்றாய். ஜூனில் நீ எழுதியது என் அலசூர் இடம் என்று நான் கண்டுபிடிக்கவில்லையே எத்திராஜ். என் வாயால் சொன்ன சொல்லே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைப் பொய்யன் என்று எழுதினேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன், ஒன்றைத் தவிர. அதை உன் முன்னால் உட்கார்ந்து எழுதக் கை வரவில்லை.

நீ கண்ணை மூடி, பெட்டியின் மேல் கையை வைத்திருந்தாய். தவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நான் உனக்குப் பக்கத்தில் இருந்து வாய்விட்டுச் சொன்னேன். “எத்திராஜு, நான் அன்னிக்கிப் போயிருக்கக் கூடாதுடா. உன்ன வுட்டுட்டுப் போயிருக்கக் கூடாது.” நீ திரும்பவில்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை. மரகதம் மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதனால் எழுதுகிறேன். சபாவில் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பாட்டு ஓடும்போது பேசினேன். நீ என்னைத் தடுக்கவில்லை. அதற்கு என்ன அபராதம் என்று நீயே எழுது.

உன்,
பெருமாள்சாமி